மைக்கில் சொன்ன சாவு

எங்கள் சோப்புக் கம்பெனியில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். மைக் அக்கா என்றால்தான் நான். டைம் ஆபீசில் வருகை எடுப்பது என் வேலை. மாடிப்படி ஏறியதும் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்புச் சொல்வது என் பெருமை. சாவி தொலைந்தாலும், வண்டியைக் குறுக்கே நிறுத்தினாலும், குழந்தை பிறந்தாலும், ஆள் செத்தாலும், என் வாயால் வந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. கீழே ஆயிரம் வதந்தி ஓடும். கடைசியில் யாராவது ஒருத்தி, "மைக்ல வந்துச்சா?" என்று கேட்பாள். வரவில்லை என்றால் அந்தப் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

இது எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. என் அறிவிப்பைக் கேட்டு ஒருத்தர் மனமும் நொந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிவேன். எவனோ ஒருவன் இன்னொருவன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனால்கூட, "தவறுதலாக இடம் மாறிய சாப்பாட்டு டப்பா" என்றுதான் சொல்வேன். திருடின ஆளே சிரித்துக்கொண்டு கொண்டுவந்து வைப்பான், காலி டப்பாவை.

பேக்கிங்கில் ஒரே மேஜையில் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தார்கள். எல்லாருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். பெரியவள் சோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கித் தள்ளுவாள், சின்னவள் டேப்பை இழுத்து ஒட்டுவாள். பெரியவளின் கணவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். என் மைக்கின் ஒயர் போனால் அவர்தான் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பார். "டீ குடிச்சீங்களாக்கா?" என்று கேட்காமல் என்னைத் தாண்ட மாட்டார். பாருங்கள், இப்போதும் அவர் இவர் என்றுதான் வாயில் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆள் இஸ்திரிப் பெட்டியால் பெரியவளின் தலையில் அடித்தான். அவள் செத்துப்போனாள். அவனே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், அடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். கம்பெனியில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஸ்டோர் ஆட்கள் கிளப்பிவிட்ட கதை.

செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், மேனேஜர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். தொழிற்சங்கத் தலைவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அடித்துக் கொடுத்த இரங்கல் அறிவிப்பு மேஜையில் இருந்தது.

"ரெண்டு பேரும் நம்ம ஊழியர்ங்க மேடம்," என்றார் மேனேஜர். "யார் பக்கமும் சாயாத மாதிரி இருக்கணும். நீங்கதான் வார்த்தையெல்லாம் பாத்துப் போடுவீங்க."

முதல் வரியைப் பார்த்தேன். 'இயற்கை எய்தினார்' என்று இருந்தது.

"தலையில இஸ்திரிப் பெட்டி விழுந்தவளுக்கு இயற்கை எங்க சார் வந்துச்சு?" என்றேன். விழுந்தவள் என்றுதான் சொன்னேன், பெட்டி தானாகப் பறந்து வந்த மாதிரி. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"மறைந்தார்னு போட்டுடலாமே," என்றார் தலைவர்.

"எங்க போய் மறைஞ்சா? அவ என்ன சாமியாரா?"

"அப்ப காலமானார்."

"அது வயசாகிப் படுக்கையில போறவங்களுக்கு. இவளுக்கு முப்பதுகூட ஆகல."

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க, எதைச் சொன்னாலும் நொட்டை சொல்றீங்க."

"கொல்லப்பட்டார்னு சொல்லலாம்," என்றேன். சொன்னேன்தான். சும்மா வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி சொன்னேன்.

மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயையோ, வேண்டாம் மேடம். அதை கோர்ட் சொல்லட்டும். நாம சொன்னா நாளைக்கு நம்ம மேல கேஸ் வரும்."

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு அவன் வெளிய வந்தா இதே கேட்டு வழியாத்தான் உள்ள வருவான். சங்கத்து மெம்பர். நான் அவன் மூஞ்சில முழிக்கணும்."

"அவளும் மெம்பர்தானே?"

தலைவர் மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அவ இனிமே வரமாட்டாளேம்மா," என்றார்.

அதில் ஏதோ நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. வெட்கக்கேடு, ஆனால் பட்டது. தலையைக்கூட ஆட்டினேன். டீ வந்தது. குடித்துக்கொண்டே அடித்தும் திருத்தியும், கடைசியில் நானே ஒரு வாக்கியத்தைக் கட்டிக் கொடுத்தேன். 'நம் பேக்கிங் பிரிவுச் சகோதரி, ஞாயிற்றுக்கிழமை தமது இல்லத்தில் நிகழ்ந்த எதிர்பாராத சம்பவத்தில் அகால மரணமடைந்தார்.' மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் மேடம் வேணும்கிறது," என்றார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. சம்பவம் நிகழ்ந்தது, மரணம் வந்தது, வீட்டில் ஆளே இல்லை. பூசி மெழுகுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே இருந்த வரிகளை மூவருமே பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமில்லை. எங்கள் கம்பெனியில் குடும்பம் குடும்பமாக வேலை பார்ப்பார்கள், அதனால் எந்த இரங்கல் அறிவிப்பும் ஒரே மாதிரிதான் முடியும். செத்தவருக்கு இங்கே வேலை பார்க்கும் நெருங்கிய உறவு யாரோ, அவருக்கு அனுதாபம். அந்த இடத்தை டைப்பிஸ்ட் நிரப்பிவிடுவாள். நான் மனப்பாடமாக வாசித்துவிடுவேன்.

கண்ணாடி அறைக்கு வந்தால் வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை. ஆனால் வேலைக்கான ஏப்ரனை மாட்டியிருந்தாள்.

"நீ ஏண்டி இன்னிக்கு வந்தே?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில பாடியை சாயங்காலம்தான் குடுப்பாங்களாம். காலையில மைக்ல சொல்வீங்கன்னாங்க. கேக்கணும்னு வந்தேன்." என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "படிச்சுக் காட்டுங்கக்கா."

நான் கட்டிய வாக்கியத்தை மட்டும் வாசித்தேன். அவள் அது முடிந்த பிறகும் காத்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதோ வரப்போகிற மாதிரி.

"யாரு பண்ணுனாங்கன்னு வரலையே," என்றாள்.

"அது கோர்ட் பாத்துக்கும்மா. மைக் எல்லாருக்கும் பொது. அதுல யாரையும் குத்தம் சொல்லக் கூடாது."

"அவனே போய்ச் சொல்லியிருக்கானேக்கா. அவன் சொன்னதைச் சொன்னா குத்தம் சொல்றதா?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "உனக்குப் புரியாது, விடு," என்றேன்.

அவள் விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு கேன்டீன் வரைக்கும் பேசறாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, தங்கச்சிதானே, அப்படித்தான் பேசுவான்னு சொல்வாங்க. மைக்ல வந்தா வாயை மூடுவாங்க. அக்காவோட பாப்பா என்கிட்டதான் இருக்கு. நாளைக்கு அவன் ஆளுங்க வந்து பிள்ளையைக் கேப்பாங்க. வழுக்கி விழுந்து செத்தவ புருஷனுக்குப் பிள்ளையைக் குடுக்க மாட்டேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

இதைக் கேட்ட பிறகு ஒரு மனுஷி என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் செய்தது வேறு. "நான் என்னம்மா பண்ணட்டும்? மேல எழுதிக் குடுத்ததைப் படிக்கிறவ நான்," என்றேன். எழுதியதே நான். மை காயாத என் கையெழுத்து அந்தத் தாளிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படி இறங்கிப் போனாள்.

சைரன் ஊதியது. எல்லாரும் அவரவர் மேஜை பக்கத்தில் எழுந்து நின்றார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். சாவு அறிவிப்புக்கென்று நான் ஒரு குரல் வைத்திருக்கிறேன், கொஞ்சம் தழைந்து, கடைசியில் லேசாகக் கம்முகிற குரல். அந்தக் குரலில் வாசித்தேன். எதிர்பாராத சம்பவம் வந்தது. அகால மரணம் வந்தது. அப்படியே வழுக்கிக்கொண்டு கடைசி வரிக்குப் போனேன். "அன்னாரை இழந்து வாடும் கணவரும் நம் ஸ்டோர் பிரிவு ஊழியருமான சகோதரருக்கு, நிர்வாகத்தின் சார்பிலும் தொழிலாளர்கள் சார்பிலும் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம். இப்போது இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி."

சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

தூக்கிவாரிப்போட்டது. தாளைத் திரும்பப் பார்த்தேன். அடித்தவனுக்கான வரி அழகாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. சின்னவளுக்கு ஒரு வரி எங்கேயும் இல்லை. அவள் கூடப்பிறந்தவள், அதே மேஜையில் நின்றுகொண்டிருக்கிறாள். டைப்பிஸ்ட் கணக்கில் புருஷன் இருக்கும்போது தங்கை நெருங்கிய உறவில்லை. முதல் வரிக்கு மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு அவ்வளவு பாடுபட்டோம், யார் பக்கமும் சாயக் கூடாது என்று. பிறகு கொன்றவனுக்கு ஊர் கூடி அனுதாபம் சொல்லிவிட்டோம், அதுவும் என் தழுதழுத்த குரலில்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. ஸ்டோர் ஆட்கள் கை கட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், யாருக்காக என்று அவனுக்குத்தான் தெரியும். ஓடிப்போய் மறுபடி சுவிட்சைப் போட்டுத் தப்பைச் சொல்லலாம்தான். மௌன அஞ்சலியின் நடுவில் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மரியாதையாம். அந்த நேரத்திலும் எனக்கு மரியாதைதான் பெரிதாக இருந்தது.

அப்போது கீழே ஒரு சத்தம் கேட்டது. சர்ரென்று டேப்பை இழுக்கிற சத்தம். சின்னவள் மட்டும் குனியவில்லை. பெட்டியை இழுத்துப் போட்டு, டேப்பை நீளமாக இழுத்து, அழுத்தி ஒட்டி, அறுத்தாள். அடுத்த பெட்டியை எடுத்தாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த ஒரு சத்தம் மட்டும்தான். ஒருவர்கூட அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் ஒட்டிய பெட்டிகளில் சோப்பு இல்லை. அடுக்கிக் கொடுக்க ஆள் இல்லை.

டீ இடைவேளையில் அவளைத் தேடிக்கொண்டு போனேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"நல்லாப் படிச்சீங்கக்கா. கடைசில குரல்கூடக் கம்முச்சு. அவன் இருந்திருந்தா அழுதிருப்பான்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "தெரியாம வந்துடுச்சும்மா," என்றேன். அவள் தலையாட்டினாள், சமாதானம் ஆனதால் இல்லை, இன்னும் பேச வேண்டாம் என்பதற்காக. மத்தியானமே அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

மேனேஜரிடம் போனேன். தாளைப் பார்த்ததும் அவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. "அது ஃபார்மட் மேடம்," என்றார் மெதுவாக. தலைவர், "போனது போச்சு. இப்ப மறுபடி சொன்னாதான் அசிங்கம், எல்லாருக்கும் கவனம் வரும்," என்றார். இரண்டாவது ஷிப்டுக்கு அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். எந்த அறிவிப்பானாலும் இரண்டு ஷிப்டுக்கும் தனித்தனியாகச் சொல்வதுதான் எங்கள் பழக்கம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு அன்றைக்கு நல்ல பயிற்சி.

மத்தியான ஷிப்ட் வந்து நின்றது. நான் சுவிட்சைப் போட்டேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன். என் சாவுக் குரல் வரவில்லை, வெறும் குரல்தான் வந்தது.

"நம்ம பேக்கிங் பிரிவுல வேலை பாத்த சகோதரி ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல இறந்துட்டாங்க. அவங்க தலையில அடிச்சது தான்தான்னு அவங்க கணவரே போலீஸ்ல சொல்லியிருக்காரு. அவங்க வழுக்கி விழல. அவங்க தங்கச்சிக்கு நம்ம எல்லாரோட அனுதாபம்."

அவ்வளவுதான். அதில் திட்டு இல்லை, சாபம் இல்லை, கோர்ட்டை முந்திக்கொண்டு தீர்ப்பும் இல்லை. நடந்ததும் அவன் சொன்னதும் மட்டும்தான். காலையில் நாங்கள் மூன்று பேரும் தேடியது யார் பக்கமும் சாயாத வார்த்தை என்றால், அது இவ்வளவு பக்கத்தில் கிடந்தது. நாங்கள் தேடியது அதை இல்லை. யாருக்கும் கோபம் வராத வார்த்தையைத் தேடினோம்.

கீழே ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பேக்கிங் பக்கம் பார்த்தேன். சின்னவள் மேஜையில் வேறு யாரோ இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் முதல் ஷிப்ட். இந்நேரம் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். கேட்க வேண்டும் என்று வந்தவளுக்குக் கேட்காத நேரத்தில் சொல்லியிருக்கிறேன். காலையில் அனுதாபம் கேட்டவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

நான் படி இறங்குவதற்குள் மேனேஜர் மேலே ஏறி வந்துவிட்டார். கத்தவில்லை. "மைக் ரூம் சாவியைக் குடுங்க மேடம்," என்றார். கொடுத்தேன். மறுநாளிலிருந்து டைப்பிஸ்ட்தான் மைக்கில் பேசினாள்.

வியாழக்கிழமை சின்னவள் வேலைக்கு வந்தாள். கேட்டிலேயே அவளைப் பிடித்தேன்.

"மத்தியான ஷிப்டுக்கு சரியாச் சொல்லிட்டேம்மா," என்றேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொன்னாங்க," என்றாள். "நேத்து எடுத்து முடிச்சதும் ஸ்டோர் ஆளுங்க ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்கக்கா. பிள்ளையை அவன் அம்மா வீட்டுல விட்டுடுன்னாங்க. கம்பெனியே மைக்ல அவனுக்கு அனுதாபம் சொல்லியிருக்கு, நீ மட்டும் ஏன் பகை பாராட்டுறேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கதவைச் சாத்திட்டேன். எத்தனை நாளைக்குச் சாத்த முடியும்?"

என் வாயில் வந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஒரு பச்சைப் பிள்ளையைக் கேட்கப் போயிருக்கிறார்கள். டைம் ஆபீஸ் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேராக மேனேஜரிடம் போய், ஒரே ஒரு தடவை மைக்கைக் கொடுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் தலை நிமிரவில்லை. "வேண்டாம் மேடம். இதோட விட்டுடுங்க. நானும் பிள்ளைகுட்டிக்காரன்," என்றார்.

டீ இடைவேளையில் கேன்டீனுக்குப் போனேன். முதல் ஷிப்ட் முழுக்க அங்கே இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றேன். மைக் இல்லாத என் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டம்ளர் சத்தத்தில் பாதி கரைந்துபோனது. இரண்டு மேஜைகள் திரும்பிப் பார்த்தன. மூன்றாவது மேஜையில் பேச்சு நிற்கவேயில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் தப்பா படிச்சுட்டேன். பெரியவ வழுக்கி விழல. அவ புருஷன் அடிச்சு அவ செத்தா. அவனே ஸ்டேஷன்ல சொல்லியிருக்கான். அவனுக்கு அனுதாபம் சொன்னது என் தப்பு."

ஸ்டோர் ஆட்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோல்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், என்னோடு நெருங்கிப் பழகுகிறவள், கள்ளம் கபடம் தெரியாதவள், என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தாள். சின்னவள் பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"மத்தியான ஷிப்ட்காரங்களும் இப்படித்தான் ஏதோ சொன்னாங்க," என்றாள் அந்த அம்மாள். "தப்பாக் காதுல வாங்கியிருப்பாங்கன்னு நாங்க விட்டுட்டோம். நாங்கதான் எங்க காதால கேட்டோமே." என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "உங்களுக்கு மனசு சரியில்ல போல. மைக்ல நீங்க அப்படிச் சொல்லலையேக்கா."